சீட்டுக்கு அடியில் எட்டு இஞ்சு வூஃபர்

வியாழக்கிழமை மதியம் மூன்று இருபதுக்குச் செய்தி வந்தது. ஏழாம் வகுப்பில் பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை உள்ளே வந்து என் கையிலிருந்த சாக்பீசை வாங்கி வைத்தார். என் கணவர் சாலமோன் அலுவலக நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு.

பாளையங்கோட்டையில் குமாஸ்தா வேலை அவருக்கு. இருபத்தாறு வருடம் சபைப் பாடகர் குழுவில் பேஸ் பாடினார். நான்கு குரல்களில் அதுதான் அடிக்குரல். இரண்டு வருடமாகக் காது மங்கிக்கொண்டு வந்தது. காதுக் கருவி வைத்தால் ஆர்கன் தகரம் தட்டுவதுபோல் இருக்கிறது என்று கழற்றிவிடுவார். ஈஸ்டர் ஆராதனையில் ஒரு வரியை எல்லோருக்கும் முந்தித் தனியாகத் தொடங்கிவிட்டார். குழுவை நடத்தும் இன்பமணி, "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம், சாலமோன்" என்றார். அதற்குப்பின் வீட்டில் அவர் பாடவில்லை.

ஒருநாள் சீவலப்பேரி பஸ்ஸில் பின்சீட்டில் வந்தவர், இறங்கியதும் சொன்னார்: "ஏளா ஜெசி, பஸ்ல போட்ட பாட்டு காதுல கேக்கல. முதுகுல கேக்கு."

அடுத்த சனிக்கிழமையே எங்கள் பழைய காரை மேலப்பாளையத்தில் பீர் மைதீனின் கார் ஸ்பீக்கர் கடைக்கு ஓட்டிப் போனோம். அடிச்சத்தத்தை மட்டும் அதிரவைக்கும் வூஃபர்களில், டிக்கியை அடைக்கிற பன்னிரண்டு இஞ்சுப் பெட்டியைக் காட்டினார் அவர்.

"இத வச்சா ஆத்துப்பாலத்துல போகையில தண்ணி நடுங்கும், அண்ணாச்சி."

"தண்ணி நடுங்க வேண்டாம் பாய். என் முதுகு நடுங்குனா போதும்."

துளை வைத்த பெட்டியில் அதிர்வு பெரிது, ஆனால் ஒரு சுரம் அடுத்ததோடு குழம்பும். மூடிய பெட்டியில் தனித்தனியாக விழும் என்று பீர் மைதீன் விளக்கினார். ஓட்டுபவர் இருக்கைக்கு அடியில் நுழையும் தட்டையான எட்டு இஞ்சுக்கு வந்து நின்றோம். சோதிக்க, குழு பாடியதை போனிலிருந்து போட்டார் இவர். இருக்கை அசையவில்லை. பெரிய பெட்டியில் மாற்றிப் போட்டும் ஒன்றுமில்லை. பீர் மைதீன் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். கதவு வரை அதிர்ந்தது.

"இத எதுல புடிச்சிய?"

"போன்லதான். சர்ச் மாடியில குழுவோட நின்னு."

"போன் மைக்குல அடிக்குரல் ஏறாதே. ஆளே இல்லாத வீட்டுக்குக் கதவ மாத்தி மாத்திப் போடச் சொல்லுதியளே."

இவரும் சிரித்தார். "அப்போ இத்தன வருசமா பதிவுல நான் இல்லவே இல்லையா, வே?"

எட்டு இஞ்சையே மாட்டிக்கொண்டு திரும்பும் வழியில், முருகன்குறிச்சியில் இன்பமணி வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினார்.

இன்பமணியே நல்ல மைக் வைத்து, ஆர்கனோடு பேஸை மட்டும் தனியாகப் பதிந்து கொடுத்தார். தினமும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதுதான் ஓடியது. ஒரு மாலை என்னையும் ஏற்றிக்கொண்டார். ஸ்டியரிங்கில் ஒரு விரலால் தாளம் தட்டிக் காத்திருந்து, சரியான இடத்தில் எடுத்தார்.

"பாத்தியா, முந்தல."

போன ஞாயிறு ஒத்திகையிலும் முந்தவில்லை. கிறிஸ்மஸ் பட்டியலில் பேஸ் வரிசையில் மூன்றாவதாகத் தன் பெயர் இருப்பதைப் படம் எடுத்து வந்து காட்டினார்.

அடக்க ஆராதனையில் குழு பாடியது. பேஸில் இரண்டு பேர் இருந்தார்கள்.

காரை இன்று துடைத்தேன். வூஃபரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் கியருக்குப் பக்கத்தில் ஒயரோடு தொங்குகிறது. சனிக்கிழமை வந்தால் திருகி மாட்டித் தருவதாக பீர் மைதீன் சொல்லியிருந்தார்.