ஏலக் குரலும் அதிமதுர டீயும்

காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற எனக்குத் தொண்டைதான் முதல். போன மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு சளிக் காய்ச்சல் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. வாயைத் திறந்தால் வெறும் காற்று. டாக்டர் மருந்து கொடுத்து, "பேசவே பேசாதம்மா" என்றார். என்னிடம் போய்!

படகுகள் கடலுக்குப் போக இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. முதல் நாள் மீனை யார் ஏலம் விடுகிறாரோ, வருஷம் முழுக்க அவரிடமே தருவார் எங்கள் படகு ஓனர். எனக்குப் போட்டியான ஏலக்காரர் அதற்குள் அவரிடம் போய், "கீச்சுக் குரல்ல ஏலம் வுட்டா கொசுதான் வாங்கும்" என்று சிரித்தாராம்.

அந்த ஓனரின் படகை ஓட்டுகிற என் வீட்டுக்காரர் தடைக்காலத்தில் சும்மாதான் இருந்தார். ராயபுரம் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரமும் சித்தரத்தையும் வாங்கி வந்து தட்டி, துளசி, மிளகு சேர்த்துக் கொதிக்கவைத்து, பனங்கற்கண்டு போட்டுக் கொடுத்தார். அதிமதுரம் கரகரப்பைப் போக்கும், சித்தரத்தை கோழையை அறுக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பால் இல்லாததெல்லாம் ஒரு டீயா என்று திட்டக்கூட முடியாமல் குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. டம்ளரைக் கீழே வைத்த கையோடு, வராத குரலில் தண்ணி லாரி வரிசையில் சண்டைக்குப் போனால், டீ என்ன செய்யும் பாவம்!

"கத்தறத நிறுத்து, அப்பால டீ தரேன்" என்று அவர் ஒரே பிடியாக நின்றார். வேறு வழியில்லாமல் வாயை மூடினேன்.

"வூடு இன்னா அமைதியா கீது! தொண்டை மெதுவா வரட்டும்" என்றார் மனுஷன். கரண்டியைத்தான் வீச முடிந்தது.

முதல் நாள் விடியலில் மீன் வந்து குவிந்தது. போட்டிக்காரர் எங்கள் ஓனரின் வஞ்சிரக் கூடைப் பக்கமே வந்து நின்றுகொண்டார்.

"யக்கா, இன்னிக்கு அவரே வுடட்டும்" என்று ஓனர் இழுத்தார்.

பிளாஸ்கிலிருந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டு, வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்து விலையைக் கூவினேன். அடேங்கப்பா, என் குரலா அது! ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வியாபாரிகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஓனர் அடுத்த கூடையையும் என் பக்கம் தள்ளினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

போட்டிக்காரர் சும்மா விடவில்லை. பக்கத்துப் படகு மீனை ஏலம் விடுகிற சாக்கில் என்னை அமுக்கப் பார்த்துக் கத்தினார். இரண்டு மாதம் ஏலமே விடாத அவர் தொண்டை, வெயில் ஏறும்போது கட்டிக்கொண்டது. கூட்டம் கலைந்ததும் மெல்ல என் அருகே வந்து, "தங்கச்சி, அந்த டீல இன்னா போட்ற?" என்று காற்றாகக் கேட்டார்.

"இன்னாண்ணா? காதுல வுழல. கொஞ்சம் சத்தமா கேளு!" என்றேன்.