ஒரே பெட்டிக்குள் இரண்டு சிறுத்தைப் பல்லிகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் அண்ணையும் ஹவுன்ஸ்லோவில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தோம். விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் அண்ணைக்கு வேலை. நான் மீசை முளைக்காத பையனாக இருந்தபோதே அவர் லண்டனுக்கு வந்துவிட்டார். நான் வந்து இறங்கிய அன்று என்னை அடையாளம் தெரியாமல் கடந்துபோய், பிறகு திரும்பி வந்து கட்டிப்பிடித்தார். அதன்பிறகு என்னைத் தனியே சாப்பிட அவர் விட்டதில்லை.

அவரோடு வேலை செய்த ஒருவர் நாட்டை விட்டுக் குடிபோனபோது, தான் வளர்த்த இரண்டு சிறுத்தைப் பல்லிகளை அண்ணையிடம் கொடுத்துவிட்டுப் போனார். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், விரல் பருமனில் வால். ஒன்று பெரியது, மற்றது சற்றுச் சிறியது. இரண்டும் பெட்டைகள்.

"ஊரிலை பல்லியைக் கண்டா விளக்குமாறு தேடுவியள்" என்றேன்.

"இது வேறை சாதி. இமை இருக்குப் பார். கண்ணை மூடித்தான் நித்திரை கொள்ளும்."

கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு. அதன்மேல், ஒதுங்கிக்கொள்ள ஒரு தேங்காய்ச் சிரட்டை. சாப்பாட்டுக்கு உயிருள்ள கிரிக்கட் பூச்சிகள். அவை சத்தம் போட, கீழே இருந்த வீட்டுக்கார அன்ரி படியில் நின்று கேட்டா: "தம்பியவை, மேலை என்ன சில்வண்டு கத்துது?"

"ஹீட்டர் பழுது அன்ரி" என்றார் அண்ணை.

குளிர் தொடங்கியதும் சிறியது சாப்பிடாமல் விட்டது. அதன் கொழுப்பெல்லாம் வாலில்தான் இருக்கும். அந்த வால் வற்றி ஈர்க்குப் போல ஆனது. அண்ணை பூச்சியை மாற்றிப் பார்த்தார், புழு வாங்கிப் பார்த்தார், சாமணத்தால் பிடித்து வாயருகே நீட்டி, "ஒரு வாய் சாப்பிடு பிள்ளை" என்று கெஞ்சினார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெரியது மட்டும் நன்றாகக் கொழுத்தது.

பகலில் இரண்டும் சிரட்டைக்குள் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கும். "என்ன ஒற்றுமை பார். ஒண்டை விட்டு ஒண்டு இருக்காதுகள்" என்பார் அண்ணை.

எனக்கு வேலையில்லாத ஒரு நாள் பின்னேரம், கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். சிறியது வெளியே வந்து ஒரு பூச்சியைக் கண்டது. வால் நுனி துடித்தது. பாயப்போகிற நேரம் பெரியது தலையைத் தூக்கிப் பார்த்தது. அவ்வளவுதான். சிறியது பின்வாங்கி, சூடு இல்லாத மூலையில் போய் ஒடுங்கிவிட்டது.

அண்ணை வந்ததும் சொன்னேன். "அதுக்குப் பசி இருக்கு. பெரிசுக்குப் பயந்துதான் சாப்பிடாமல் கிடக்குது."

"ஒரு காயமும் இல்லையேடா."

"கடிக்கத் தேவையில்லை அண்ணை. பாத்தாலே போதும். ரெண்டையும் பிரிச்சு விடுவம்."

"பிரிச்சா ஏங்கிச் செத்துப்போகும்" என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

கடைசியில் மிருக வைத்தியரிடம் போனோம். அந்தப் பெண் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், மலத்தைச் சோதித்தார். நோய் இல்லை, தனியாக வையுங்கள் என்றார். மேலே ஏறிப் படுப்பது பாசத்தால் அல்ல, சூடான இடத்துக்கான போட்டி. சூடு கிடைக்காவிட்டால் தின்றதும் செரிக்காது.

"இரண்டும் சிநேகிதம் இல்லையா?" என்று அண்ணை ஆங்கிலத்தில் கேட்டார்.

அவர் அண்ணையின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இவை தனியாக வாழ்கிற பிராணிகள். தனிமை இவற்றுக்குத் துக்கம் இல்லை."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணை சிறியதைக் கொண்டுபோன சின்னப் பெட்டியைக் கோட்டுக்குள் அணைத்து வைத்திருந்தார்.

"நீ வர முந்தி நான் இஞ்சை தனியச் சாப்பிட்டனான்தானே. சோறு தொண்டையாலை இறங்காது. இதுக்கும் அப்பிடித்தான் எண்டு நினைச்சிட்டன்."

"இதுகள் எங்களைப் போல இல்லை அண்ணை."

"ஓம்" என்றார். "குடுத்து வைச்சதுகள்."

அடுத்த நாளே இன்னொரு கண்ணாடிப் பெட்டியும் சூடாகும் விரிப்பும் வாங்கினார். ஆனால் ஒன்றையொன்று பார்க்கட்டும் என்று இரண்டையும் ஒட்டி வைத்தார். சிறியது அப்போதும் சாப்பிடவில்லை. வைத்தியரிடம் போன் பண்ணிக் கேட்டபோது, நடுவில் ஒரு காட்போட் மட்டையை வையுங்கள், அதன் கண்ணில் பெரியது படக்கூடாது என்றார். பெட்டி வாங்கியதைவிட அந்த மட்டையை வைப்பதுதான் அண்ணைக்குக் கடினமாக இருந்தது. வெட்டி வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார். "நீ வை" என்று கடைசியில் என்னிடம் தந்துவிட்டு ஜன்னல் பக்கம் போனார்.

சில நாட்கள் கழித்து, கீழே குசினியில் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது படிகள் அதிர அண்ணை இறங்கி ஓடி வந்தார்.

"டேய், திண்டிட்டுது. சாமணத்திலை நீட்டினன், பாய்ஞ்சு பிடிச்சுது."

அடுப்படியில் நின்ற அன்ரி திரும்பினா. "ஆர் திண்டது?"

இனி மறைக்க ஏலாது. மேலே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினோம். வாசலைத் தாண்டி வர மனமில்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. வீட்டை விட்டுப் போகச் சொல்லப்போகிறா என்று நினைத்தேன். ஆனால் எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், இதென்ன இப்பிடி மெலிஞ்சு போச்சுது" என்றா. அதன்பிறகு ஞாயிறுகளில் படியில் நின்று, "சின்னது சாப்பிட்டதோ?" என்று கேட்பா. மேலே மட்டும் வரமாட்டா.

வசந்தம் வருவதற்குள் அதன் வால் மறுபடி திரண்டுவிட்டது. பின்னாட்களில் நான் கல்யாணம் செய்து ரெய்னர்ஸ் லேனுக்குக் குடிபோனபோது அண்ணை சிறியதை என்னிடம் தந்தார். பெரியது அவரோடு இருந்தது. இரண்டும் நெடுநாள் உயிரோடு இருந்தன. காரில் கொண்டுவந்து இறக்கிய அன்று, கண்ணாடிக்கு வெளியே குனிந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சூடு குறையாமல் பாத்துக்கொள்" என்று சொல்லிப் போனார்.