வாழ்த்தும் உள்ளங்களை அழித்தவள்

திருவண்ணாமலை செங்கம் சாலையிலுள்ள 'கோதண்டராமன் இல்லம்' என்ற தங்கும் விடுதி தன் ஊழியர்களுக்குக் கொடுத்திருக்கும் அடையாள அட்டையில், மதிவதனியின் பதவி 'சமையல் உதவியாளர்' என்றிருக்கிறது. அவள் சமையலுக்கு உதவியது ஒரே ஒரு முறை. அன்றைக்கு விருந்தினர்கள் எல்லோரும் வெளியே போய்ச் சாப்பிட்டார்கள்.

விடுதியின் உரிமையாளர் கோதண்டராமன் அவளுக்குத் தாய்மாமன். அட்டை அச்சடிக்கக் கொடுத்த அன்று அவள் செய்யும் வேலைக்கு என்ன பெயரென்று அவருக்குத் தெரியவில்லை. "நாள் பூரா கம்ப்யூட்டரைப் பாத்துக்கினு இருக்கான்னு அட்டையில போட முடியுமா?" என்று கேட்டார். நியாயம்தான்.

கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை பயிரிடும் குடும்பம் அவளுடையது. திருவண்ணாமலைக் கல்லூரியில் கணினி அறிவியல் படித்துவிட்டு மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இந்த ஊரில் தங்க அறை வேண்டும் என்று எவராவது எங்கிருந்தாவது கூகுளில் தேடினால், முதல் பக்கத்தில் மாமா வீடு தெரிய வேண்டும். அதுதான் அவள் வேலை. 'நான் யார்' என்று தேடி இந்த ஊருக்கு வருகிறவர்கள்கூட முதலில் அறையைத்தான் தேடுகிறார்கள். இரண்டாம் பக்கம் வரை புரட்டிப் பார்க்கும் பொறுமை அவர்களுக்கும் கிடையாது.

ஆடி மாதத்தில் மாமா வீடு நாலாம் பக்கத்துக்குப் போய்விட்டது. அறைகள் காற்று வாங்கின. சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரன் வந்து, வீட்டை மொத்தமாகக் குத்தகைக்குக் கேட்டான். கோதண்டராமன் தை பிறந்ததும் சொல்கிறேன் என்றார். கொடுத்துவிட்டால், தான் மாடி மாடியாக எழுப்பிய வீட்டில் அவரே ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ள வேண்டும். மதிவதனி கீழ்பென்னாத்தூர் பஸ் ஏற வேண்டும்.

வீழ்ச்சிக்குக் காரணமானவர் பலராமன், மாமாவின் மச்சான், மதிவதனிக்குச் சித்தப்பா முறை, அடி அண்ணாமலையில் போர்வெல் போடுகிறவர். நல்ல மனிதர், ஆகவே ஆபத்தானவர். நிறைய இணையதளங்கள் இணைப்பு கொடுத்து நம் தளத்தைச் சுட்டினால் கூகுளில் மேலே வரலாம் என்று எங்கோ கேட்டுவிட்டு, அதைக் கல்யாண பேனர் மாதிரி நடத்திவிட்டார். விடுதியின் தளத்தில் அடிப்பக்கம் 'வாழ்த்தும் உள்ளங்கள்' என்றொரு பகுதி. அதில் ரைஸ் மில், வேன் சர்வீஸ், பந்தல் கான்ட்ராக்ட், அழகு நிலையம் என்று உறவினர் தொழில்கள் அத்தனைக்கும் இணைப்பு. அத்தனை பேர் தளத்திலிருந்தும் விடுதிக்கு ஒரு இணைப்பு. போதாதென்று டெல்லியில் எவனிடமோ ஆயிரக்கணக்கில் இணைப்புகளை விலைக்கும் வாங்கிப் போட்டார். கொஞ்ச நாள் விடுதி ஏறவும் செய்தது; பலராமன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டதும் உண்மை. அப்புறம் கூகுள் மோப்பம் பிடித்தது, சரிந்தது.

"சித்தப்பா, வாழ்த்தும் உள்ளங்களை எடுத்துடப் போறேன்" என்றாள் மதிவதனி.

பலராமன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அடுத்த மாசம் என் பேத்திக்குக் காதுகுத்து. பேனர்ல பேரைக் கிழிச்சவன் வூட்டு விசேஷத்துக்கு எவன் வருவான்? சொல்லு பாக்கலாம்."

"இது பேனர் இல்ல சித்தப்பா."

"பின்ன இன்னாது? நாலு பேரு நம்மளப் பத்தி நல்லவிதமா சொல்றதுதானே?"

"யாரு அந்த நாலு பேருன்னு கூகுள் பாக்குது. உங்க பொண்ணு தென்றலுக்கு மாப்பிள்ளை பாத்தீங்களே, பையன் எப்படின்னு யார்கிட்ட விசாரிச்சீங்க? பையனோட சித்தப்பாகிட்டயா?"

"அவரு எப்படி உண்மையைச் சொல்வாரு? எதிர்த்த டீக்கடையிலதான் கேட்டேன். அவன் வேலை செய்ற ஆபீஸ்ல கேட்டேன்."

"அதேதான். சொந்தக்காரங்க சைட்டு சித்தப்பா சாட்சி. காசு குடுத்து வாங்கினது கூலிக்குக் கைதட்றது. கண்ட பக்கத்துல கமென்ட்ல ஒட்டினது செவுத்துல எழுதினது. நமக்கும் அவங்களுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, அப்படிப்பட்டவங்க தானா சொல்லணும். அதுலயும் விஷயம் தெரிஞ்ச எடமா இருக்கணும். ஆஸ்பத்திரி, காலேஜ், நெசமா வந்து தங்கிட்டுப் போனவங்க. அப்படி ஒண்ணு, இந்த ஆயிரத்துக்கு மேல."

பலராமன் யோசித்தார். "சொந்தக்காரன் சாட்சி செல்லாதுன்னா, இந்த ஜில்லாவுல சாட்சிக்கு ஆளே கெடைக்காதே" என்றார்.

எடுத்துவிட்டாள். டெல்லிச் சரக்கையும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொன்னாள். காதுகுத்துக்கு எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் மதிவதனியிடம் மட்டும் பேசவில்லை. நாலாம் பக்கத்திலிருந்த விடுதி ஏழாம் பக்கத்துக்குப் போனது. கெட்டதை எடுத்தால் மட்டும் நல்லது வந்துவிடுவதில்லை என்பது இணையத்துக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

அப்போதும் போன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான். அம்மாவுக்கு முட்டி வலி, கிரிவலம் வர முடியுமா, நடுவில் உட்கார இடமுண்டா, கழிப்பறை எங்கே. எல்லோருக்கும் வாயாலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு நாள் போனை வைத்த கையோடு, இதை யாருமே ஒழுங்காக எழுதி வைக்கவில்லையே என்று பட்டது. சிவன் பெருமையை எழுதியவர்கள் ஆயிரம் பேர். நாற்காலி எங்கே என்று எழுதியவர் ஒருவருமில்லை.

மாமாவின் மனைவி தங்கம்மாளுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. கூட்டமில்லாத ஒரு காலையில் மதிவதனி அத்தையைக் கிளப்பிக்கொண்டு கிரிவலப் பாதையில் நடந்தாள். அத்தை உட்கார்ந்த இடத்தையெல்லாம் படமெடுத்தாள். அத்தை எங்கும் உட்காராமல் விடவில்லை.

"ஏன்டி, சாமி கும்புட வந்தேனா, போட்டோ புடிக்க வந்தேனா?"

"நீங்க உக்காருங்க அத்தை. உக்கார்றதுதான் உங்க வேலை."

"இப்படி ஒரு வேலையைக் கல்யாணமான நாள்லேர்ந்து உங்க மாமா குடுக்கவே இல்லடி" என்றாள் தங்கம்மாள், நிருதி லிங்கத்துக்கு முன்னாலிருந்த திண்டில் சாய்ந்துகொண்டு.

பதினாலு கிலோமீட்டரை ஒரே நாளில் முடிக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து மறுநாள், அதற்கு மறுநாளும். எங்கே நிழல், எங்கே பாதை சரிவு, எந்தக் கழிப்பறையில் பிடித்து எழக் கம்பி இருக்கிறது, எங்கே ஆட்டோ கிடைக்கும் என்று, விடுதியின் தளத்தில் போடத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினாள். தெலுங்கில் சொல்லச் சொல்ல எழுதவைத்தவள் தங்கம்மாள்; அவளுக்குப் பிறந்த வீடு சித்தூர்ப் பக்கம். ஆந்திராக்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக, எந்தக் கடையில் சாம்பாரில் வெல்லம் ஜாஸ்தி என்ற எச்சரிக்கையையும் சேர்க்கச் சொன்னாள்.

கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு மாமா எழுந்து நின்றுவிட்டார். மாமா வீட்டில் தரைத்தளத்தில் அறை கிடையாது. படியேற முடியாதவர்கள் இந்த இரண்டு விடுதிகளில் தங்கலாம் என்று, எதிர்வரிசை சகாதேவன் வீட்டையும் இன்னொரு விடுதியையும் பெயர் சொல்லி, இணைப்பும் கொடுத்திருந்தாள்.

"சொந்தக்காரன் பேரையெல்லாம் தூக்கிட்டு, சகாதேவனுக்கு விளம்பரமா? அவன் பதிலுக்கு இன்னா குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கல மாமா. கேக்கவும் இல்ல. வீல்சேர்ல வர்றவங்களை நம்ம படிக்கட்டுல ஏத்துவீங்களா?"

கோதண்டராமன் படிக்கட்டைப் பார்த்தார். அதைச் செங்குத்தாகக் கட்டியது அவர்தான், இடத்தை மிச்சம் பிடிக்க. "போட்டுக்கோ" என்றார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஐப்பசியில் நெல்லூரில் முட்டி வைத்தியம் பார்க்கும் ஓர் ஆஸ்பத்திரி, தன் நோயாளிகளுக்கான பக்கத்தில் அந்தத் தெலுங்குக் குறிப்பைச் சுட்டியிருந்தது. அதற்குப் பின் ஊன்றுகோலோடு உலகம் சுற்றும் ஒரு டென்மார்க் பெண்மணியின் வலைப்பதிவு. அப்புறம் ஒரு பிசியோதெரபி கல்லூரி. இவர்களில் ஒருவரையும் மதிவதனிக்குத் தெரியாது. ஒருவரும் அவளுக்கு மாமனுமில்லை, மச்சானுமில்லை. விடுதி ஏழிலிருந்து மூன்றுக்கு வந்தது, பிறகு முதல் பக்கத்துக்கு.

கார்த்திகையில் வீடு நிரம்பியதை மாமா நம்பவில்லை. "தீபத்துக்கு மாட்டுக் கொட்டாய்கூட ரொம்பும்" என்றார். மார்கழியும் நிரம்பிய பிறகுதான் நம்பினார். சென்னைக்காரனுக்குப் போன் போட்டார். வீடு கொடுப்பதாக இல்லை என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். அவர் வெகுநேரம் பேசினார். அதில் பாதி நேரம் நெல்லூர் ஆஸ்பத்திரியைப் பற்றி. "நாங்க கேக்கவே இல்லீங்க, அவங்களா போட்டாங்க" என்பதை மட்டும் மறுபடி மறுபடி சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பலராமன் போனைப் பிடுங்கி, "எங்க பொண்ணு செஞ்சது சார்" என்றார். பேனர் விஷயத்தை அவர் சொல்லவில்லை.

மதிவதனி உறவினர் பெயர்களைத் தளத்திலிருந்து நீக்கினாள். அத்தையோடு மலையைச் சுற்றி நடந்து, நடக்க முடியாதவர்களுக்கான வழியை மூன்று மொழிகளில் எழுதினாள். படியேற முடியாதவர்களை எதிர்வரிசைக்கு அனுப்பினாள். வீடு குத்தகைக்குப் போகவில்லை.