நான் அவுட்டான நாள்

மூன்றாம் வகுப்பில் எனக்கு டைபாய்டு வந்து, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போக ஒரு பருவமே ஆகிவிட்டது. போனபோது கால் இரண்டும் முருங்கைக்காய் மாதிரி இருந்தன. தெம்பு பைய வரும் என்றார் டாக்டர். அம்மா வேண்டாத சாமி இல்லை. எனக்கு விளையாட்டு வகுப்பு என்றாலே பயம். வாய்க்கால் ஓரத்து மைதானத்தில் மற்றவர்கள் ஓட, நான் புத்தகப் பைகளுக்குக் காவல் இருப்பேன்.

புதிதாக வந்த பி.டி. சார் ஓட்டப் பந்தயத்தை நிறுத்திவிட்டு, தரையில் தண்ணீர் ஊற்றிக் கட்டம் போட்டு, எல்லா வகுப்பையும் சேர்த்துக் கிளித்தட்டு ஆட வைத்தார். கோட்டில் நிற்பவர்கள் கைக்குச் சிக்காமல் கட்டம் கட்டமாகத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். ஒருத்தரும் உட்காரக் கூடாதாம்! முதல் கோட்டிலேயே நான் மாட்டி, என்னால் அணி தோற்றால் யார் என்னோடு பேசுவார்கள்? அழுகை முட்டியது.

ஐந்தாம் வகுப்பு படித்த அக்கா முன்னால் வந்தாள். "சார், இவ உப்புக்குச் சப்பாணியா இருக்கட்டும். தொட்டாலும் அவுட்டு கெடையாது."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. உப்புக்குச் சப்பாணி என்றால் ஆட்டத்தில் உண்டு, கணக்கில் இல்லை. எனக்கோ அது பெரிய பதவியாகத் தெரிந்தது. யார் கைக்கும் பயப்படாமல் தாண்டினேன். வீட்டில் போய், "நான் சப்பாணியாக்கும்!" என்று பீற்றிக்கொண்டேன். அம்மா சிரிக்கவில்லை.

சில வாரம் போனது. ஒருநாள் எதிரணித் தலைவி சண்டைக்கு வந்தாள். "சார், இவ என்னா ஓட்டம் ஓடுதா பாத்தியளா? இவளா சப்பாணி? இனி இவளயும் கணக்குல சேக்கணும்."

அக்கா பெரிய வாயாடி. இன்றைக்கு இவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவளோ, "சேத்துக்கோட்டி" என்று சொல்லிவிட்டாள்.

கடைசிக் கோட்டில் என் முதுகில் சுளீரென்று ஓர் அடி விழுந்தது. "அவுட்டு!" தேம்பித் தேம்பி அழுதேன். என் அணியிலேயே இருந்த அக்கா குதித்துக் குதித்துக் கை தட்டினாள். துரோகி!

வாசலை மிதிக்கும் முன்பே, "எம்மா, இவ இன்னிக்கு அவுட்டாயிட்டா!" என்று கத்தினாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டாள். "ஏங்க, பாப்பா அவுட்டாயிட்டாளாம்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

நான் தோற்றதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்களே, இது என்ன குடும்பம் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் கோபத்தில் இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன். அதற்கும் அம்மா சிரித்தாள்.