கண்ணும் காதும்

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, பழவேற்காட்டு மணலில் இருக்கிறது எங்கள் குப்பம். ஒவ்வொரு நவம்பரிலும் இங்கே மும்பைத் தாக்குதலின் நினைவுக் கூட்டம் நடக்கும். மும்பை எங்கே, நாங்கள் எங்கே? ஆனால் கொலைகாரர்கள் கடல் வழியாக வந்தார்கள். அதனால் கடலோரத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் பாடம் கற்க வேண்டியவர்கள் ஆனோம். மீனவர் அடையாளக் கார்டு கொடுத்தார்கள். படகுகளில் நம்பர் எழுதச் சொன்னார்கள். "நீங்கதான் நாட்டோட கண்ணும் காதும்" என்றார்கள்.

சென்ற ஆண்டு கூட்டத்துக்குச் சில நாள் முன்பு ஒத்திகை நடந்தது. போலீஸ்காரர்களே தீவிரவாதிகளாக வேடமிட்டுக் கடலிலிருந்து வருவார்கள். கரையில் இருப்பவர்கள் கண்டுபிடித்துத் தகவல் சொல்ல வேண்டும். நாளும் இடமும் சொல்லமாட்டார்கள்.

காலையில் ஒரு பைபர் போட் வந்தது. மூக்கில் மஞ்சள் பட்டை; பக்கத்துக் குப்பத்து போட் என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். எங்கள் கரையில் முதலில் போட்டைத்தான் பார்ப்போம், ஆளை அப்புறம்தான். கரை தொட்ட போட் யாருடையதானாலும், நிற்பவர்கள் ஓடிப்போய் இழுத்துவிட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்போம். வலையை உதறிக்கொண்டிருந்த நைனா ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். "இன்னாப்பா, இறா பட்டுச்சா?" என்று விசாரிக்கவும் செய்தார். கைலி கட்டிய நாலு பேரும் சிரித்தார்கள். நேராக ஊருக்குள் போய், 'வெடிகுண்டு' என்று எழுதிய அட்டைப்பெட்டியைப் பள்ளிக்கூட வாசலில் வைத்தார்கள். போட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்களாம்.

அன்று டீக்கடையில் நைனாவை ஒரு வழி செய்துவிட்டார்கள்.

"நவுருங்கடா, தீவிரவாதிக்கே தோள் குடுத்த ஆளு வராரு."

"அடுத்த வாட்டி மீன்கொழம்பும் ஊத்தி அனுப்பு மாமா."

நைனாவும் சேர்ந்து சிரித்தார். ஊர்க்காரர்களின் கேலி வலிக்காது.

கூட்டத்தில் நடந்தது வேறு. உறுதிமொழி வாசிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் பார்த்தவள் நான்; பொன்னேரிக் கல்லூரியில் பட்டம் வாங்கியவள். என்னைப் பார்ப்பதற்காகவே நைனா வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு போட்டை இழுத்தவர் எழுந்திருங்க" என்றார் மேடையிலிருந்த அதிகாரி.

பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நைனா எழுந்தார்.

"எல்லாரும் பாத்துக்குங்க. வந்தவன் நிஜத் தீவிரவாதியா இருந்தா, இவரால நீங்க எத்தனை பேர் செத்திருப்பீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அவரை உட்காரச் சொல்லவும் இல்லை. நான் மைக்குக்கு வரும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

உறுதிமொழியை வாசித்து முடித்தேன். பிறகு சொன்னேன்: "மும்பைக்குப் போனவங்க முதல்ல ஒரு மீன்பிடி போட்டைத்தான் பிடிச்சாங்க. அதுல இருந்தவங்களைக் கொன்னாங்க. அவங்க பேரு இந்த மேடையில ஒரு வருஷமும் கேட்டதில்ல. கடல் வழியா ஆபத்து வரும்னு தகவல் முன்னாடியே வந்துதாம். அதிகாரிங்க ஆளுக்கொரு துண்டா வச்சிருந்தாங்களாம், யாரும் சேத்துப் பாக்கலையாம். அதுக்கு யாரை எழுந்து நிக்கச் சொன்னீங்க?"

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "நல்லா பேசுறியே! எந்தக் காலேஜ்?" என்று சிரித்து, கையில் ஒரு நினைவுப் பரிசைக் கொடுத்தார். கூட்டம் கைதட்டியது.

மறுநாள் காலை அலை பெரிதாக இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, போட்டோடு கரைக்கு வந்தார். எதிரே மணலில் நைனா நின்றிருந்தார்.

"மாமா! இன்னா வேடிக்கை பாத்துகினு கீற? வந்து பிடி!" என்று அக்கா புருஷனைப் பார்த்துக் கத்தினார்.

"கார்டு காட்டு" என்றார் நைனா.

மாமா கேலி என்று நினைத்துச் சிரித்தார். நைனா நகரவில்லை. அடுத்த அலை போட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டது. மாமா தோளில் அடிபட்டு விழுந்தார். தூரத்தில் இருந்தவர்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் நைனாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அந்தக் கை கல் மாதிரி இருந்தது.

"கண்ணையும் காதையும்தானே கேட்டாங்க" என்றார். "கையைக் கேக்கலியே."

தண்ணீரில் சிதறிய இறாவை, மாமா ஒற்றைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தார்.