தேருக்கு வந்த திருகாணி

பிருந்தாக்காவுக்குத் தன் நிழலிலும் நம்பிக்கை இல்லை. வெண்டிக்காய் வாங்கப் போனால் ஒவ்வொன்றாய் முனை முறித்துப் பார்ப்பார், கடைக்காரர் முறைத்தாலும் விடமாட்டார். ஜேர்மனியில், டோர்ட்மண்டில் நாங்கள் இருவரும் வேலை செய்யும் சுங்க முகவர் அலுவலகத்தில், வெளிநாட்டுச் சரக்கில் எதற்குக் கரிவரி விழும், எதற்கு விழாது என்று பார்ப்பது அவர் பொறுப்பு. இரும்பு, அலுமினியம், சீமெந்து செய்யும்போது வந்த புகைக்காக எல்லையில் வைக்கும் வரி அது. ஆண்டுக்கு ஐம்பது தொன்னுக்குள் இறக்குகிறவருக்கு விலக்கு உண்டு. விலக்கு என்று கேட்டால் நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? பொய்ச் சரக்குக்குக் கையெழுத்து வைத்தால் அக்காவின் வேலை அன்றோடு சரி.

இந்த வைகாசியில் இங்குள்ள எங்கள் கோயிலின் பெயரில் இந்தியாவிலிருந்து பெட்டிகள் வந்தன. தேர்ச் சாமான் என்று எழுதியிருந்தது. அலுவலைப் பார்க்க ஓடி வந்தவனோ கட்டடச் சாமான் வியாபாரி கார்த்திகன். கோயில் சாமானுக்கு இவன் ஏன் இந்தப் பாடு படுகிறான்? அக்கா சுங்கத்தில் அனுமதி கேட்டுப் பெட்டிகளைத் திறப்பித்தார். ஒன்றில் வெண்கல மணிகள். மிச்சம் எல்லாம் இரும்புத் திருகாணி.

“தம்பி, எத்தனை தேர் ஓட்டப் போறீர்?”

“சாமிக் காரியம் அக்கா, துருவாதேங்கோ.”

“இவ்வளவு ஆணியையும் அடிச்சால் தேர் அசையுமோ? உண்மையைச் சொல்லும்.”

மென்று விழுங்கிச் சொன்னான். அவன் கடைக்கு ஐம்பது தொன் நெருங்கிவிட்டதாம். மீதியைக் கோயிலின் பெயரில் இறக்கினால் வரி இல்லை, கைம்மாறாகக் கோயிலுக்கு மணி இனாம். கள்ளப் பயல்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மணியாலேயே ஒன்று போட்டிருப்பேன்.

“கோயில் பேரை ஆர் தந்தது?”

அவன் நிலத்தைப் பார்த்தான். “செயலாளர்தான்... சிறீதரன் அண்ணை.”

சிறீதரன் பிருந்தாக்காவின் புருஷன். ஊரையே சந்தேகித்த மனுசி அவரை மட்டும் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. முகம் வெளிறிப்போய் ஒரு பெட்டியின் மேல் குந்திவிட்டார். பிறகு புருஷனுக்குப் போன் எடுத்தார், எங்களுக்கும் கேட்கும்படியாகவே.

“ஓம், நான்தான் குடுத்தனான்.” மனிதருக்குக் கூச்சமே இல்லை. “மணி சும்மா வருதெல்லே. சரக்கைப் பார்க்கிறது நீதானே எண்டு துணிஞ்சு குடுத்தனான்.”

அக்காவின் கண் நிறைந்தது. குரல் நடுங்கவில்லை.

“நான் பார்த்தபடியால்தான் பிடிபட்டது. சுங்கத்துக்குச் சொல்லப் போறன். உங்கடை பேரையும் சேர்த்துத்தான்.”