எங்கள் பேக்கப்பைத் தேடி சிங்கப்பெருமாள் கோவில் வரை

இன்று காலை உறுதியான செய்தி: எங்கள் வார இதழின் பழைய கோப்புகளின் பெயர்கள் நான்கே விநாடியில் கிடைத்துவிட்டன. சொன்னவர் ஸ்டெல்லா, எங்கள் பேக்கப்பை வைத்திருக்கும் நிறுவனத்தின் பொறியாளர். போன புதன்கிழமைவரை இதே தேடல் முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு, ஒன்றும் தராமல் நின்றுபோனது.

தாம்பரத்தில் எங்கள் அலுவலகக் கணினியின் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. அதிலிருந்த இருபது ஆண்டுச் செய்திகளுக்கும் படங்களுக்கும் மிச்சமுள்ள ஒரே பிரதி, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இவர்களுடைய சர்வரில். எப்போது போன் செய்தாலும் அந்த நிறுவனத்தின் மேலாளர், "தேடிட்டிருக்கு சார்" என்பார். தொலைத்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். போன புதன்கிழமை நேரில் பார்த்துவிடக் கிளம்பினேன்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு மின்சார ரயில், டிக்கெட் பத்து ரூபாய். பத்து மணிக்கு மேல் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். மறைமலை நகருக்கு அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

"அந்த பில்டிங்கா? ஏசி மட்டும் ஓடிகினே கீது, ஆளையே காணோம். உள்ள இன்னா சார் பண்றாங்க?" என்றார் ஓட்டுநர்.

"அதைப் பார்க்கத்தான் போறேன்."

"பேஜார் கேஸா? வெயிட் பண்ணட்டுமா?"

உள்ளே மேலாளர் காபி கொடுத்தார். கூடவே, "பெரிய சர்வருக்கு மாறிட்டா வேகமா வரும் சார்" என்றார். என் சந்தேகம் வலுத்தது. சர்வர் அலமாரியின் கதவில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்ததை அப்போது சும்மா பார்த்துவைத்தேன்.

ஸ்டெல்லா வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான். தேடல் எந்த வழியில் போகிறது என்பதை டேட்டாபேஸையே காட்டச் சொன்னார். கோப்புப் பட்டியலை முதல் வரியிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பேக்கப்புக்கும் கோப்புப் பட்டியலில் வரிகள் சேரும். காலாவதியான வரிகளை நீக்கி, எது எங்கே இருக்கிறது என்று சட்டென்று காட்டும் இன்டெக்ஸைப் புதுப்பிக்க வாரம் ஒருமுறை தானாக ஓடும் வேலை ஒன்று உண்டு. அது ஓடவே இல்லை.

"எப்ப நின்னுச்சு?" என்று கேட்டேன்.

"போன ஆயுத பூஜை அன்னிக்கு. யாரோ கையால நிறுத்தியிருக்காங்க சார்."

மேலாளர் கண்ணாடியைத் துடைத்தார். "அன்னிக்கு மெஷினுக்கு ரெஸ்ட் கொடுக்கணுமே... நான்தாம்மா எல்லாத்தையும் நிறுத்தினேன்."

"மறுநாள் மத்ததெல்லாம் போட்டுட்டீங்க சார். இது மட்டும் இன்னும் பூஜை லீவுலயே இருக்கு."

அதன்பிறகு பெரிய சர்வர் பேச்சு வரவில்லை. அந்த வேலையை ஸ்டெல்லா மறுபடி ஓடவிட்டார். இன்று காலை அழைத்தார்.

வெளியிடத்தில் பேக்கப் வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது நேரில் போங்கள். ஒரு கோப்பை உங்கள் கண்முன்னே எடுத்துத் திறந்து காட்டச் சொல்லுங்கள். போனில் வரும் பதிலை நம்பாதீர்கள்.

எனக்கும் வந்திருப்பவை பெயர்கள்தான். படங்கள் திறக்கின்றனவா என்பது இன்னும் தெரியாது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் திறந்து காட்டுவதாக ஸ்டெல்லா சொல்லியிருக்கிறார். அதுவரை அந்தச் செத்த டிஸ்க் என் மேஜை டிராயரிலேயே இருக்கும்.